"போனைப் பிடுங்கிடுவேன்" என்று சொல்லாதீர்கள்

"ஏதாவது வம்பு வந்துச்சு, போனைப் பிடுங்கிடுவேன்." இன்ஸ்டாகிராம் பற்றிப் பிள்ளைகளிடம் நாம் பேசுவது பல வீடுகளில் இந்த ஒரு வரிதான். நானும் என் மகளிடம் இதையே சொல்லி வைத்திருந்தேன். எவனோ அவளுக்கு அசிங்கமாக மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருந்தது பதினோரு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. நான் அறைக்குள் போனாலே போனைக் கவிழ்த்து வைத்தாள். படிப்புக் கவலை என்று நினைத்துக்கொண்டேன். "சொன்னா போனை வாங்கிடுவியேம்மா" என்றாள்.

மிரட்டுகிறவன் நம்பியிருப்பதும் இந்தப் பயத்தைத்தான். "உங்க அப்பாவுக்கு அனுப்பிடுவேன்" என்பதுதான் அவன் கையிலுள்ள கத்தி. அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "தப்பு உன் மேலயே இருந்தாலும் முதல்ல என்கிட்ட வா. போனை வாங்க மாட்டேன்." சொன்னபடி நடக்கவும் வேண்டும்.

பிள்ளை வாய் திறந்ததும் "நீ ஏன் போட்டோ அனுப்பின?" என்று ஆரம்பிப்பது அடுத்த தவறு. அந்தக் கேள்வியோடு பேச்சு நின்றுவிடும். மானம் போகிறதே என்று பதறி சாட் மெசேஜை அழிப்பதும் கூடாது, அதுதான் சாட்சி. மெசேஜ்களையும் அவனுடைய புரொஃபைலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பிளாக் செய்யுங்கள். பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுபடியும் கேட்பான். அந்தரங்கப் படமாக இருந்தால் சித்தப்பா, மாமா என்று யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். குழந்தைகளின் அத்தகைய படத்தைப் பரப்புவது போக்சோ சட்டப்படி குற்றம். 1098 குழந்தைகள் உதவி எண், 1930 சைபர் குற்ற உதவி எண். இரண்டையும் பிள்ளையின் போனிலேயே சேமித்து வையுங்கள்.

பத்து வயதுப் பிள்ளைக்குப் பிறந்த வருடத்தை 2005 என்று போட்டு நாமே கணக்குத் திறந்து கொடுக்கிறோம். இன்ஸ்டாகிராமுக்குக் குறைந்தபட்ச வயது 13. டீன் ஏஜ் பிள்ளைகளின் கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும், முன்பின் தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்பவும் தடை உண்டு. பொய் வயது போட்டால் இந்தக் காவல் எதுவும் கிடைக்காது.

எதிரே உட்காரவைத்து விசாரிப்பதைவிட, டியூஷனுக்கு வண்டியில் போகும்போது பேசினால் என் மகள் அதிகம் பேசுகிறாள். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா.

நம் கையும் சுத்தமாக இருக்க வேண்டும். ரிசல்ட் வந்த அன்று பிறந்த தேதி, பள்ளிப் பெயர், போட்டோ எல்லாம் தெரிய மார்க் ஷீட்டை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறோம். இப்போதெல்லாம் எதைப் போடுவதானாலும் என் மகளிடம் கேட்டுக்கொள்கிறேன். போன வாரம் யூனிஃபார்ம் போட்டோ ஒன்றைக் காட்டினேன். "பேட்ஜ்ல ஸ்கூல் பேர் தெரியுதும்மா, வேணாம்" என்றாள். போடவில்லை.