பழைய காரின் கார்புரேட்டரில் கை வைப்பதற்கு முன்

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் உதிரிபாகக் கடைகள் பக்கம் போனால், பழைய காருக்குக் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) தேடி வந்தவர் யாராவது ஒருவர் கண்ணில் படுவார். கையில் துணிப்பை, பைக்குள் பெட்ரோல் வாசனையோடு கழற்றிய பழையது. "இதே மாதிரி புதுசு இருக்கா?" என்று கேட்பார். பலருக்குப் புதிது தேவைப்படாது. பையில் இருப்பதே இன்னும் பத்து வருஷம் ஓடும், அதைக் கெடுக்காமல் பழுது பார்த்திருந்தால்.

எங்கள் வீட்டில் இருப்பது அப்பா வாங்கிய பிரீமியர் பத்மினி. 1089 சி.சி. இன்ஜின், சோலெக்ஸ் கார்புரேட்டர். சில வருஷம் முன்பு வண்டி மிஸ்ஸிங் அடித்தது, பிக்கப் இல்லை. ஒரு பட்டறையில் விட்டேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டிக் கொடுத்தார்கள். வண்டி கொஞ்சம் இழுத்தது, ஆனால் மைலேஜ் பாதாளத்துக்குப் போனது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி போல் கறுப்பு. கடைசியில் அல்சூரில் இருக்கும் ஒரு வயதான தமிழ் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். மெயின் ஜெட்டை, அதாவது பெட்ரோல் போகும் சின்னத் துளை உள்ள திருகைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, "தம்பி, நீயே பாரு" என்றார். வட்டமாக இருக்க வேண்டிய துளை ஒரு பக்கம் நீண்டு, ஓரமெல்லாம் கீறலாக இருந்தது. அடைப்பு எடுக்கிறேன் என்று யாரோ இரும்புக் கம்பியை விட்டுக் குடைந்திருக்கிறார்கள்.

இதைத்தான் முதல் தவறாகச் சொல்வேன். ஜெட் என்பது உழக்கு மாதிரி, அளப்பதற்காகவே செய்த பொருள். சோலெக்ஸ் ஜெட்டின் மேல் 120 என்று பொறித்திருந்தால் துளையின் விட்டம் 1.20 மில்லிமீட்டர் என்று அர்த்தம். கம்பி அதை 1.25 ஆக்கினாலே துளையின் பரப்பு எட்டரை சதவீதம் கூடிவிடும். கண்ணால் பார்த்தால் தெரியாத வித்தியாசம் அது, ஆனால் பிளக்கிலும் பர்ஸிலும் தெரியும். அடைப்பு இருந்தால் கார்புரேட்டர் கிளீனரில் ஊற வைத்துக் காற்று அடியுங்கள். போகவில்லையா, அதே எண்ணில் வேறு ஜெட் வாங்குங்கள். கம்பி மட்டும் வேண்டாம்.

அன்றைக்கு அவர் சொன்ன இன்னொன்றும் மனசில் நிற்கிறது. "முதல்ல பாயிண்ட்டைப் பாரு, அப்புறம் டாப்பெட், கடைசியாத்தான் கார்புரேட்டர்." பாயிண்ட் என்பது பிளக்குக்குப் பொறி வரவைக்கும் சுவிட்ச், டாப்பெட் என்பது வால்வின் இடைவெளி. என் வண்டியின் மிஸ்ஸிங்குக்கு உண்மையான காரணம் டிஸ்ட்ரிபியூட்டரில் கருகிப்போன பாயிண்ட்டும் சோர்ந்துபோன காண்டன்சரும்தான். கார்புரேட்டரை யாரும் தொட்டிருக்கவே வேண்டாம். பாயிண்ட் இடைவெளி, டைமிங், பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் வரத்து எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும்.

ஐடிலிங் நிற்காமல் ஏறி ஏறி இறங்கினால் பலரும் ஐடில் ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது திரும்பும் த்ராட்டில் ஸ்பிண்டில் (தண்டு) தேய்ந்திருந்தால் எத்தனை முறை திருப்பினாலும் பயன் இல்லை. ஸ்பிண்டிலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அந்த இடுக்கு வழியாகக் காற்று உள்ளே போகிறது. இன்ஜின் ஓடும்போது ஸ்பிண்டிலின் இரண்டு முனையிலும் ஒரு சொட்டு ஆயில் விடுங்கள். சத்தம் மாறினால் காரணம் கிடைத்துவிட்டது. பெட்ரோலை ஊற்றிச் சோதிப்பவர்களும் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அம்பாசிடரில் கார்புரேட்டருக்குக் கீழேயே சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் இருக்கிறது. ஆட்டத்துக்கு லேத்தில் கொடுத்து புஷ் (தண்டைச் சுற்றி இறுக்கும் உலோக வளையம்) போடுவதுதான் வழி. நல்ல கை தெரிந்தவர் போட்டால் கார்புரேட்டருக்கு மறுபிறவி.

அதே மாதிரி ஃபிளேஞ்சில் (கார்புரேட்டர் இன்ஜினோடு சேரும் முகத்தில்) காற்று இழுக்கிறது என்று நட்டை மூச்சைப் பிடித்து முறுக்குவார்கள். துத்தநாகக் கலவையில் வார்த்த பாடி அந்த முறுக்கில் வளைந்துபோகும். வளைந்த பிறகு எத்தனை பேக்கிங் வைத்தாலும் காற்று இழுக்கும். கண்ணாடித் தகட்டின் மேல் நைஸ் எமரி தாளைப் போட்டு, முகத்தை மெதுவாகத் தேய்த்துச் சமப்படுத்திப் புது கேஸ்கெட் போடுங்கள். காஸ்டிக்கிலோ ஆசிட்டிலோ பாடியை ஊற வைக்கவும் கூடாது. அழுக்கோடு சேர்த்து உலோகத்தையும் அவை தின்னும்.

பெட்ரோல் வழிந்து ஓவர்ஃப்ளோ ஆனால், பெட்ரோல் வரும் வழியைத் திறந்து மூடும் நீடில் வால்வின் முனையைப் பாருங்கள். மெல்லிய வளையம் மாதிரி தேய்மானம் விழுந்திருந்தால் சீட்டோடு சேர்த்து மாற்றுங்கள். பெட்ரோலில் மிதந்து அந்த வால்வை இயக்கும் பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் அலம்பும் சத்தம் கேட்கிறதா? வெந்நீரில் அமுக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழ் வரும். உள்ளே இருக்கும் பெட்ரோலை முழுக்க வடிக்காமல் ஈயம் பற்ற வைக்கவே கூடாது, வெடிக்கும். ஈயத்தைக் கட்டியாக வைத்தால் ஃப்ளோட்டின் எடை கூடிப் பெட்ரோல் மட்டம் உயர்ந்துவிடும். மெக்கானிக்கல் பம்ப்பை எடுத்துவிட்டு இன்ஜெக்‌ஷன் காரின் எலக்ட்ரிக் பம்ப்பை மாட்டியவர்களுக்கும் ஓவர்ஃப்ளோதான். அந்த அழுத்தத்தை எந்த நீடிலாலும் அடைக்க முடியாது.

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் அது உப்ப வைக்கும், வெடிப்பு விழ வைக்கும். கார்புரேட்டரைப் பழுது பார்த்துவிட்டுப் பழைய ஹோஸையே மாட்டுவது அரைகுறை வேலை. எத்தனால் தாங்கும் ஹோஸ், நல்ல கிளாம்ப் இரண்டும் கட்டாயம். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டி என்றால் ஃப்ளோட் பௌலை வடித்து விடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், உள்ளே வெள்ளையாக அரிப்பு பிடிக்கும்.

இதில் பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி குறைவு என்பதால், சென்னையில் சரியாக ட்யூன் செய்த வண்டி இங்கே வந்தால் நாலைந்து சதவீதம் ரிச்சாக (காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாக) ஓடும். எத்தனால் அதற்கு நேர்மாறாக லீன் (எரிபொருள் குறைவு) ஆக்கும். ஒன்றை ஒன்று பெருமளவு ஈடுகட்டிவிடுவதால், யாரோ சொன்னார்கள் என்று ஜெட்டை மாற்றாதீர்கள். நல்ல ஓட்டத்துக்குப் பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்கட் நிறம் என்றால் சரி. வெள்ளையாக வெளுத்திருந்தால் மட்டும் அடுத்த பெரிய எண் ஜெட்.

சரி, மாற்றியே ஆக வேண்டும் என்றால்? பாடி விரிசல் விட்டிருந்தால், மரை போயிருந்தால் வேறு வழியில்லை. ஆனால் கிடைக்கிறதே என்று மாருதி 800 கார்புரேட்டரைத் தகடு வைத்து மாட்டாதீர்கள். அது 796 சி.சி. இன்ஜினுக்கு அளவெடுத்தது. பத்மினியின் இன்ஜினுக்கு அந்த அளவு பொருந்தாது. காப்பி (அசலைப் பார்த்துச் செய்த) கார்புரேட்டர் வாங்கினால் மாட்டும் முன் திறந்து ஜெட் எண்களைப் பழையதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பழைய பாடியைக் குஜரிக் கடையில் (பழைய இரும்புக் கடையில்) போடாதீர்கள். என்னுடைய பழைய ஜெட்டுகளும் லீவரும் ஒரு டப்பாவில், எண் எழுதிய சீட்டோடு வீட்டிலேயே இருக்கின்றன. போன வருஷம் என் வண்டியில் மாட்டியிருந்த காப்பி கார்புரேட்டரின் பம்ப் லீவர் உடைந்தபோது அந்த டப்பாவில் இருந்துதான் எடுத்து மாட்டினேன்.