மென்டர் கிடைத்த பிறகு மாணவர்கள் கோட்டை விடும் இடங்கள்

துறையில் பல ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் "சரி, நான் உனக்கு மென்டராக இருக்கிறேன்" என்று, அதாவது வழிகாட்டியாக இருக்கச் சம்மதம் சொல்லிவிட்டால், பெரிய வேலை முடிந்துவிட்டது என்று மாணவர்கள் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இப்படித் தொடங்கும் உறவுகள் சண்டை சச்சரவு எதுவும் இல்லாமலே சில மாதங்களில் தேய்ந்து நின்றுவிடுவதுண்டு. அதற்கான காரணங்களில் பல, மாணவர் கொஞ்சம் கவனமாக இருந்தால் தவிர்க்கக்கூடியவை.

என் கணக்கில் முதல் தவறு, ஆலோசனையை வாங்கிக்கொண்டு காணாமல் போவது. மென்டர் உங்கள் ரெஸ்யூமேவை அரை மணி நேரம் உட்கார்ந்து படித்து, "ப்ராஜெக்ட் பகுதியில் குழு செய்தது எது, நீ செய்தது எது என்று பிரித்து எழுது" என்கிறார். "மிக்க நன்றி சார்" என்று பதில் போகிறது. அதோடு சரி. மூன்று மாதம் கழித்து அடுத்த மெசேஜ்: "சார், உங்கள் கம்பெனியில் ஏதாவது வேலை இருக்கிறதா?" நடுவில் அந்த ரெஸ்யூமே என்ன ஆனது, யாராவது கூப்பிட்டார்களா, எதுவும் அவருக்குத் தெரியாது. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் அடுத்த ரெஸ்யூமேவுக்கு அரை மணி நேரம் ஒதுக்கவும் மாட்டார்.

இதற்குப் பதில் இப்படி ஒன்று அனுப்பலாம்: "சார், நீங்கள் சொன்னபடி ப்ராஜெக்ட் பகுதியை மாற்றி எழுதினேன். நான்கு இடங்களுக்கு அனுப்பியதில் ஒன்றில் இன்டர்வியூவுக்கு அழைத்தார்கள். டேட்டாபேஸ் கேள்வியில் தடுமாறிவிட்டேன். இந்த மாதம் அதைத்தான் படிக்கப் போகிறேன்." இதில் அவரிடம் எதுவும் கேட்கவில்லை, பதில் சொல்லியே ஆக வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் தன் நேரம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அவருக்குத் தெரிகிறது. அடுத்து எதில் உதவலாம் என்பதும் புரிகிறது. டேட்டாபேஸில் கெட்டிக்காரரான நண்பர் ஒருவர் அவருக்கு இருந்தால், அந்தப் பெயர் நீங்கள் கேட்காமலே வரும்.

சொன்னதைச் செய்ய முடியாமல் போனாலும் சொல்லிவிடுங்கள். பலர் மறைந்துபோவது நன்றி இல்லாததால் அல்ல, கூச்சத்தால்தான். "சேரச் சொன்ன கோர்ஸில் சேரவில்லையே, என்ன முகத்தோடு பேசுவது" என்று தள்ளிப்போட்டே மாதங்கள் ஓடிவிடும். "தேர்வு நெருக்கத்தில் சேர முடியவில்லை மேடம், விடுமுறையில் சேர்கிறேன்" என்ற ஒரு வரி போதும்.

அடுத்தது, பிடி கிடைக்காத கேள்வி. "மேடம், டேட்டா சயின்ஸுக்குள் எப்படி வருவது?" என்று கேட்டால் அவர் எங்கிருந்து தொடங்குவார்? இணையத்தில் ஐந்து நிமிடம் தேடினால் கிடைக்கும் விஷயத்தை அவரிடம் கேட்பது, அவருடைய அனுபவத்தை வீணாக்குவது. "புள்ளியியல் படிக்கிறேன், பைதான் ஓரளவு தெரியும். இந்த விடுமுறையில் இன்டர்ன்ஷிப் போவதா, சொந்தமாக ஒரு ப்ராஜெக்ட் செய்வதா என்று குழப்பம். புதியவர்களை எடுக்கும்போது நீங்கள் எதைப் பார்ப்பீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். இதற்குப் பதில் சொல்ல, ஆள் எடுத்துப் பழகிய ஒருவர் வேண்டும்.

இன்னொரு பக்கம், தொந்தரவாகிவிடுமோ என்று எதையுமே கேட்காதவர்கள். பிரான்சிஸ் ஃப்ளின், வனெசா லேக் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், உதவி கேட்பவர்கள், தங்களுக்கு உதவ எத்தனை பேர் சம்மதிப்பார்கள் என்பதைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். நாம் பயப்படும் அளவுக்கு மனிதர்கள் மறுப்பதில்லை. கேள்வி தெளிவாகவும் சின்னதாகவும் இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

சந்திப்பு ஏற்பாட்டை அவர் தலையில் கட்டாதீர்கள். "எப்போது ஃப்ரீ என்று சொல்லுங்கள் சார்" என்பது பணிவாகத் தெரிந்தாலும் வேலையை அவரிடம் தள்ளுவதுதான். இரண்டு மூன்று நேரங்களை நீங்களே சொல்லுங்கள், பேச வேண்டியதை முந்தின நாளே அனுப்புங்கள், அரை மணி என்றால் அரை மணியில் முடியுங்கள்.

வேலைக்குச் சிபாரிசு கேட்பதில் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். ஆலோசனை சொல்பவர் இழப்பது தன் நேரத்தை மட்டும். சிபாரிசு செய்பவர் தன் பெயரையே பணயம் வைக்கிறார். உங்கள் வேலையைக் கண்ணால் பார்க்காத ஒருவரை இரண்டாவது சந்திப்பிலேயே அந்த நிலைக்குத் தள்ளினால், முடியாது என்று சொல்லவும் முடியாமல் அவர் விலகிப் போவார். பரிந்துரைக் கடிதம் கேட்பதாக இருந்தால் சில வாரங்கள் முன்பே கேளுங்கள். கடைசித் தேதி, எதற்கான விண்ணப்பம், எந்த வேலையைப் பற்றி எழுதினால் பொருந்தும், இவற்றையெல்லாம் ஒரே மின்னஞ்சலில் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே ஆளைப் பிடித்துத் தொங்குவதும் சரியில்லை. மென்டர் உறவுகளை ஆராய்ந்த கேத்தி கிராம் 1983இல் எழுதிய கட்டுரையில், தொழிலில் முன்னேற உதவுவதையும் மனதளவில் துணை நிற்பதையும் தனித்தனிப் பணிகளாகவே பார்த்தார். இரண்டும் ஒருவரிடமே கிடைத்தால் அதிர்ஷ்டம். இன்டர்வியூவுக்குத் தயார் செய்பவரிடமே வீட்டுக் கவலையையும் தேர்வுப் பதற்றத்தையும் கொட்ட வேண்டியதில்லை, அதற்கு நண்பர்களும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அதே கட்டுரையில், விலகிச் செல்வதும் இந்த உறவின் ஒரு கட்டமாகவே வருகிறது. எனவே பேச்சு மெல்லக் குறைந்தால், எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்று உடனே உடைந்துபோக வேண்டாம்.

அப்புறம், சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவது. அவர் வேலை தேடிய காலம் வேறு, ஆள் எடுக்கும் முறையும் மாறியிருக்கும். "இதை ஏன் சொல்கிறீர்கள் மேடம்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. காரணம் தெரிந்தால், அது உங்களுக்குப் பொருந்துமா என்று நீங்களே முடிவு செய்யலாம். அவர் தன் அலுவலகம் பற்றி நம்பிச் சொன்னதை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பர்கள் குரூப்பில் போடாதீர்கள். ஒரு முறை கசிந்தால் போதும், அதற்குப் பிறகு அவர் மனம் திறந்து பேச மாட்டார்.

மரியாதைக்காக எதையும் பொறுத்துக்கொள்வதும் தவறுதான், விளைவில் இதுவே மிகக் கடுமையானது. பணம் கேட்பது, தன் சொந்த வேலைகளைச் செய்யச் சொல்வது, நேரங்கெட்ட நேரத்தில் தனியாகச் சந்திக்கக் கூப்பிடுவது, உடலைப் பற்றிப் பேசுவது, இவை எதுவும் வழிகாட்டுதலில் சேராது. எவ்வளவு பெரிய பதவியில் இருப்பவரானாலும் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. மெசேஜ்களை அழிக்காமல் வைத்துக்கொண்டு, மென்டர் திட்டம் ஒன்றின் வழியாக அவரைச் சந்தித்திருந்தால் அதை நடத்தும் ஒருங்கிணைப்பாளரிடமோ, இல்லையென்றால் நம்பிக்கையான ஆசிரியரிடமோ அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.