பெல்ட் வைத்த மேக்னம் ரைஃபிளுக்குத் தோட்டா நிரப்புவது: தோளில் தொடங்குங்கள்

மேக்னம் (வழக்கத்தைவிட அதிக மருந்து கொள்ளும்) தோட்டாவைக் கையால் நிரப்பக் கற்றுக்கொள்பவர்கள் முதலில் கேட்பது, எந்த வெடிமருந்து, எத்தனை கிரெயின் (மருந்தை நிறுக்கும் சிற்றெடை அலகு) என்று. அதற்கான பதில் மருந்து அல்லது குண்டு தயாரிப்பாளர் வெளியிடும் கையேட்டில் இருக்கிறது. உங்கள் ரைஃபிளில் தோட்டா உட்காரும் அறை எவ்வளவு நீளம் என்பது எந்தக் கையேட்டிலும் இருக்காது. குறி தவறுவதும், தோட்டாவின் பித்தளைக் கூடு மூன்றாம் சூட்டிலேயே இரண்டாகப் பிரிவதும் பெரும்பாலும் அந்த அளவைத் தெரிந்துகொள்ளாததால்தான்.

இங்கே எடுத்துக்காட்டாக .300 வின்செஸ்டர் மேக்னத்தை வைத்துக்கொள்வோம். 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னத்துக்கும் முறை இதுவே, அளவுகள்தான் மாறும். தோட்டா நிரப்ப உங்கள் நாட்டில் உரிமம் தேவையா என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

பெல்ட் செய்யும் குழப்பம்

கூட்டின் அடியில் இருக்கும் தடித்த வளையம்தான் பெல்ட். 1912-இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்டுக்குத் தோள், அதாவது கூடு கழுத்தாகக் குறுகும் இடம், மிகவும் சரிவு. அறைக்குள் கூடு எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்தத் தோளால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் பெல்ட் வைத்தார்கள். 1963-இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னத்துக்குத் தெளிவான தோள் இருக்கிறது. பெல்ட் இல்லாமலேயே நின்றிருக்கும். ஆனால் மேக்னம் என்றால் பெல்ட் என்ற வழக்கம் அப்போது ஊறிப்போயிருந்தது.

விளைவு இதுதான். தொழிற்சாலைகள் பெல்ட்டின் அளவைப் பிடித்துக்கொண்டு, தோளுக்கு முன்னால் தாராளமாக இடம் விட்டுவிடுகின்றன. புதுத் தோட்டாவை முதல் முறை சுடும்போது கூட்டின் மெல்லிய முன்பகுதி அறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அடிப்பகுதி அழுத்தத்தால் பின்னால் தள்ளப்படும். நடுவில், பெல்ட்டுக்குச் சற்று முன்னால், பித்தளை இழுபடும். அந்த ஒரு முறையைத் தவிர்க்க முடியாது. அடுத்தடுத்த முறைகளைத் தவிர்ப்பது உங்கள் கையில்.

தேவையானவை

ஒற்றை நிலை பிரஸ் (ஒரு நேரத்தில் ஒரு வேலை செய்யும் அழுத்தி), முழு நீள சைசிங் டை (சுட்ட கூட்டை நெருக்கி அளவுக்குக் கொண்டுவரும் அச்சு), குண்டு அமர்த்தும் டை, 0.1 கிரெயின் வரை காட்டும் தராசு, அதைச் சோதிக்க ஒரு எடைக்கல், டிஜிட்டல் காலிப்பர், தோளையும் குண்டின் வளைவையும் அளக்க அதில் மாட்டும் கம்பாரேட்டர், கூடு வெட்டும் டிரிம்மர், மசகு, குண்டைப் பிடுங்கும் சுத்தியல், குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப். கம்பாரேட்டரை மட்டும் பலர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். வேறு எதையாவது தள்ளிப் போடுங்கள், இதை வேண்டாம்.

சைசிங் டையைப் பொருத்துதல்

டையோடு வரும் தாளில், கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை டையை இறக்கி மேலும் கால் சுற்றுத் திருகச் சொல்லியிருக்கும். பெல்ட் கூட்டில் அப்படிச் செய்தால் தோள் தேவைக்கு மேல் பின்னால் போய்விடும். அடுத்த சூட்டில் கூடு மறுபடி அதே இடத்தில் இழுபடும்.

அதற்குப் பதில், உங்கள் ரைஃபிளில் சுட்ட கூடுகள் ஐந்தை எடுத்துப் பழைய பிரைமரை (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை) நீக்குங்கள். கம்பாரேட்டரால் தோள்வரை நீளத்தை அளந்து எழுதுங்கள். ஒரே முறை சுட்ட கூடு அறையை முழுதாக நிரப்பியிருக்காது. இரண்டு மூன்று முறை சுட்டது இருந்தால் அந்த அளவே நம்பகமானது. தோள் அதைவிட 0.002 அங்குலம், அதாவது 0.05 மி.மீ., பின்னால் இருக்க வேண்டும். இதுவே இலக்கு.

டையை ஷெல் ஹோல்டருக்கு மேலே நன்றாகத் தூக்கி வைத்துத் தொடங்குங்கள். கூட்டுக்கு மெல்லிய மசகு தடவி உள்ளே விடுங்கள், எடுத்து அளந்து பாருங்கள். முதலில் நீளம் கூடியிருக்கும். பயப்பட வேண்டாம்: உடலைப் பக்கவாட்டில் நெருக்கும்போது தோள் முன்னால் பிதுங்குகிறது, அவ்வளவுதான். டையை இன்னும் இறக்கினால் தோள் திரும்பி வரும். வழக்கமான டையின் மரை அங்குலத்துக்கு 14 சுற்று. ஆகவே ஒரு முழுச் சுற்று 0.071 அங்குலம், எட்டில் ஒரு சுற்றே 0.009. கடைசி நெருக்கத்தில் முப்பத்திரண்டில் ஒரு சுற்றாக நகருங்கள். அளவு கிடைத்ததும் பூட்டு வளையத்தை இறுக்கி விடுங்கள்.

மசகு குறைந்தால் கூடு டைக்குள் சிக்கிக்கொள்ளும். அதிகமானால் தோளில் எண்ணெய்ப் பள்ளம் விழும். சிறு பள்ளம் அடுத்த சூட்டில் நேராகிவிடும். சிக்கிய கூட்டை எடுப்பதுதான் பெரும்பாடு.

பிறகு கூட்டின் மொத்த நீளத்தைப் பாருங்கள். உச்ச வரம்பு 2.620 அங்குலம், அதை நெருங்கினால் 2.610-க்கு வெட்டுங்கள். நீண்டுபோன கழுத்து அறையின் முன்விளிம்பில் முட்டிக் குண்டைப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் எகிறும்.

ஒவ்வொரு முறையும் இன்னொரு சோதனை. நேரான கம்பியின் நுனியைச் சிறிதாக வளைத்துக் கூட்டுக்குள் விட்டு, அடியிலிருந்து மேலே சுவரை வருடுங்கள். பெல்ட்டுக்குச் சற்று மேலே நுனி ஒரு பள்ளத்தில் தட்டினால் அந்தக் கூட்டின் ஆயுள் முடிந்தது. வெளியே அதே இடத்தில் பளபளப்பான வளையம் தெரிந்தாலும் அப்படித்தான். நசுக்கிப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்பக் குவியலில் கலந்துவிடும்.

பிரைமர், மருந்து

மெதுவாக எரியும் மருந்து நிறைய போவதால் மேக்னம் ரைஃபிள் பிரைமர்தான் வழக்கம். இருந்தாலும் கையேடு எதைப் பயன்படுத்தியதோ அதையே எடுங்கள். பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்கு 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே அமர வேண்டும். விரலால் தடவினால் துருத்தக்கூடாது.

மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா. வேலை முடிந்ததும் மீதி அதே டப்பாவுக்குள் போக வேண்டும். அடையாளம் தெரியாத மருந்தை எதிலும் கலக்காதீர்கள், அப்புறப்படுத்துங்கள்.

கையேட்டில் உங்கள் குண்டின் எடையோடு அதன் கட்டுமானமும் பொருந்த வேண்டும். 180 கிரெயின் ஈயக் குண்டும் (உள்ளே ஈயம் வைத்தது) 180 கிரெயின் முழுச் செம்புக் குண்டும் ஒன்றல்ல. செம்பு அடர்த்தி குறைந்தது, அதனால் குண்டு நீளமாகிக் கூட்டின் உள்ளிடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதே மருந்தளவு அங்கே ஆபத்து.

கையேட்டின் தொடக்க அளவில் ஆரம்பியுங்கள். அதற்குக் கீழே போவது பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். பெரிய கூட்டில் மெதுவான மருந்து குறைவாக இருந்தால் ஒழுங்காகப் பற்றாது; தாமதமாக வெடிக்கலாம், அழுத்தம் திடீரென உயரவும் கூடும்.

குண்டை அமர்த்துதல்

.300 வின்செஸ்டரின் கழுத்து 0.264 அங்குலம்தான், குண்டின் விட்டமான 0.308-ஐவிடக் குறைவு. பிடிமானம் குறைவு என்பதால் குண்டு சாய்ந்து உட்காருவது சகஜம். கழுத்தின் உள்வாயை லேசாகச் சரித்து வழவழப்பாக்குங்கள். பாதி அமர்த்தியதும் தோட்டாவை அரைச் சுற்றுத் திருப்பி மீதியை அமர்த்துவது உதவும்.

மொத்த நீளத்துக்குத் தர அளவு 3.340 அங்குலம், மேகசினும் ஒரு எல்லை வைக்கும். குண்டு குழலின் உள்மரைகளைத் தொடும் நீளத்தைக் கண்டுபிடித்து, ஈயக் குண்டை அதிலிருந்து 0.020 அங்குலம் பின்னால், முழுச் செம்புக் குண்டை 0.050 பின்னால் வைத்துத் தொடங்கலாம். அளவை முனையிலிருந்து எடுக்காதீர்கள், வளைவிலிருந்து எடுங்கள். மென்முனைகள் ஒன்றுபோல் இருக்காது. வேட்டைத் தோட்டாவை மரையில் முட்டும்படி வைப்பது வேண்டாத வேலை. அழுத்தம் கூடும். சுடாமல் தோட்டாவை வெளியே எடுக்கும்போது குண்டு குழலிலேயே தங்கி, மருந்து முழுக்க ரைஃபிளுக்குள் கொட்டும்.

சுட்டுப் பார்த்தல்

கண்ணாடியும் காதுக்காப்பும் போடுங்கள். தொலைநோக்கித் திருகுகளும் கட்டையின் திருகுகளும் சரியான இறுக்கத்தில் இருக்கின்றனவா பாருங்கள். தளர்ந்த ஒரு திருகு எந்த மருந்தளவையும் மோசமாகக் காட்டும்.

முதல் சுற்று அழுத்தத்தைத் தெரிந்துகொள்ள மட்டுமே. தொடக்க அளவிலிருந்து அரை கிரெயின் வீதம் ஏற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு தோட்டா. உச்சத்தை நெருங்கும்போது 0.3 கிரெயின். ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் கூட்டைப் பாருங்கள். போல்ட்டின் கைப்பிடி தூக்கக் கனத்தாலோ, அடியில் எஜெக்டரின் (கூட்டை வெளியே தள்ளும் முளையின்) பளபளப்பான தடம் பதிந்தாலோ, பிரைமர் குழி தளர்ந்தாலோ நிறுத்துங்கள். மீதித் தோட்டாக்களைச் சுடாமல் அவற்றின் குண்டைப் பிடுங்கிவிடுங்கள். தட்டையான பிரைமர் மட்டும் பெரிய சாட்சி அல்ல. மென்மையான பிரைமர் சாதாரண அழுத்தத்திலும் தட்டையாகும்.

இந்தத் தோட்டாவுக்கு உச்ச வரம்பு 64,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்). கூட்டில் தடம் தெரிவதற்குள் அதைத் தாண்டியிருக்கலாம். ஆகவே குரோனோகிராஃபை அதிகம் நம்புங்கள். குழல் நீள வித்தியாசத்தைக் கழித்த பிறகும் உங்கள் வேகம் கையேட்டின் உச்ச வேகத்தைத் தொட்டுவிட்டால், மருந்து எத்தனை கிரெயினாக இருந்தாலும் உச்சத்துக்கு வந்துவிட்டீர்கள். இலவச வேகம் என்று ஒன்று கிடையாது.

அடுத்த நாள், பாதுகாப்பான எல்லைக்குள் மூன்று அளவுகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஐந்து தோட்டா. மேக்னம் குழல் சீக்கிரம் சூடாகும். மூன்று சூட்டுக்கு ஒரு முறை போல்ட்டைத் திறந்து வைத்துக் குழலைக் கையால் பிடிக்கும்வரை ஆற விடுங்கள். உங்கள் தோளும் களைக்கும். ஒரு அமர்வில் இருபதுக்கு மேல் சுட்டால், கடைசி இலக்குத்தாள் மருந்தைப் பற்றிச் சொல்லாது, உங்கள் கண் சிமிட்டலைப் பற்றித்தான் சொல்லும்.

தாளில் துளைக் கூட்டம் ஒன்று சின்னதாக வந்ததும் துள்ள வேண்டாம். அதே தோட்டா அடுத்த முறை இரு மடங்கு விரியலாம். நன்றாக இருந்த அளவை இன்னும் பத்து தோட்டா சுட்டு உறுதி செய்யுங்கள். அதன் பிறகே குண்டின் ஆழத்தை 0.010 அங்குலம் வீதம் பின்னுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. குளிரில் தேர்ந்த அளவை வெயிலிலும் சோதிக்க வேண்டும். சில மருந்துகள் சூட்டில் கணிசமாக வேகமெடுக்கும்.

வேட்டையில் எண்ணப்படுவது குளிர்ந்த குழலின் முதல் சூடு. ஆகவே கடைசித் தேர்வாக, வெவ்வேறு நாட்களில் முதல் தோட்டாவை மட்டும் ஒரே தாளில் சுட்டுச் சேருங்கள். அந்தத் தோட்டாக்களை மேகசினிலிருந்தே அறைக்குள் ஏற்றுங்கள், அங்கே ஏதாவது உரசினால் வேட்டைக்குப் போகும் முன்பே தெரிந்துவிடும்.