கரீபியன் பேக்கரிக்கு முதல் தடவை சாப்பிடப் போறீங்களா? இதை படிச்சிட்டு போங்க

ப்ரூக்ளின் ஃப்ளாட்புஷ், லண்டன் பிரிக்ஸ்டன், டொராண்டோ எக்ளிண்டன் வெஸ்ட் மாதிரி ஏரியாக்கள்ல இருக்கறவங்க இந்த கடைகளை கண்டிப்பா பாத்திருப்பீங்க. வாசல்ல கண்ணாடி வார்மருக்குள்ள மஞ்ச மஞ்சளா பேட்டிஸ் (உள்ள கறி வச்சு சுட்ட நம்ம பஃப்ஸ் மாதிரி), பக்கத்துல ஆவி பறக்குற ட்ரேல கறி சோறு, பின்னாடி ரேக் முழுக்க பிரெட், பன், கேக். நம்ம ஆளுங்க நிறைய பேர் என்ன கேக்கறதுன்னு தெரியாம ஒரு பேட்டிஸ் மட்டும் வாங்கிட்டு வெளிய வந்துடறாங்க, அங்க இருக்கற நல்ல சாப்பாடு அப்படியே மிஸ் ஆகிடுது, அதான் இதை எழுதணும்னு தோணுச்சு.

உள்ள போனதும் முதல் வேலை, வணக்கம் சொல்றது. நெஜமாதான் சொல்றேன். நேரா கவுண்டர்ல போய் "எனக்கு இது குடுங்க"ன்னு ஆரம்பிச்சா கரீபியன் ஆளுங்களுக்கு அது மரியாதை இல்லாத மாதிரி. "குட் மார்னிங்", "குட் ஆஃப்டர்நூன்"னு நேரத்துக்கு தகுந்த மாதிரி சொல்லிட்டு, அவங்க திருப்பி சொன்ன அப்புறம் ஆர்டருக்கு வாங்க. ராத்திரி ஆச்சுன்னா அங்க "குட் நைட்"டும் உள்ள வர்றப்ப சொல்ற வணக்கம்தான், போயிட்டு வான்னு சொல்றாங்கன்னு நினைச்சுடாதீங்க.

அடுத்து, அந்த கடை எந்த நாட்டோடதுன்னு கவனிங்க. ஜமைக்கா கடைன்னா பேட்டிஸ், ஜெர்க் சிக்கன் (கார மசாலா தடவி சுட்ட கோழி), ஆக்ஸ்டெய்ல் (மாட்டு வால் கறி). டிரினிடாட் கடை இல்ல கயானா கடைன்னா ரொட்டி, டபுள்ஸ் (கொண்டைக்கடலை வச்ச பொரிச்ச ரொட்டி), பைன் டார்ட் (அன்னாசி ஜாம் வச்ச பேஸ்ட்ரி). பெரும்பாலும் போர்டுலயே கொடியோ ஊர் பேரோ இருக்கும். ஜமைக்கா கடைல டபுள்ஸ் தேடாதீங்க, இருந்தாலும் அது அவங்க கைப்பக்குவம் காட்டுற ஐட்டமா இருக்காது.

மெனு போர்டை ரொம்ப நம்பாதீங்க. போர்டுல நாப்பது ஐட்டம் எழுதியிருந்தாலும் அன்னைக்கு என்ன சமைச்சாங்களோ அதான் இருக்கும், அதனால "இன்னைக்கு என்ன இருக்கு?"ன்னு கேக்கறதுதான் சரியான கேள்வி. காலைல போனா அக்கீயும் உப்புக்கருவாடும் கிடைக்கும், இதான் ஜமைக்காவோட தேசிய உணவு. அக்கீ ஒரு பழம், வெந்த அப்புறம் பாக்க முட்டை பொரியல் கலர்ல மெத்துனு இருக்கும், கூட வேகவச்ச பச்சை வாழைக்காய், யாம் கிழங்கு, டம்ப்ளிங்னு மாவு உருண்டை எல்லாம் வைப்பாங்க. பழுக்காத அக்கீ விஷம், அதனால அமெரிக்கா 1973ல இருந்து ரொம்ப வருஷம் இறக்குமதியவே தடுத்து வச்சிருந்துச்சு. இப்ப கடைகள்ல பெரும்பாலும் டின்ல அடைச்சு வர்றதைத்தான் சமைக்கறாங்க, பயப்படாம சாப்பிடலாம். காலைல சோளமாவு கஞ்சியும் இருக்கும், ஜாதிக்காய் வாசனையோட, குளிர்காலத்துல அதுக்கு மேல ஒண்ணு கிடையாது. சனிக்கிழமை சூப் நாள். ஆக்ஸ்டெய்ல் வேணும்னா மதியமே போயிடுங்க, சாயங்காலம் போனா பாத்திரம் காலியாதான் இருக்கும்.

இப்ப தட்டு ஆர்டர் பண்றது எப்படின்னு பாப்போம். முதல்ல சைஸ் கேப்பாங்க, சின்னது நடுத்தரம் பெருசுன்னு. சின்னதே ஒரு ஆளுக்கு தாராளம். அப்புறம் கறி, அப்புறம் சோறு. சோறுல "ரைஸ் அண்ட் பீஸ்" கேளுங்க, வெள்ளை சோறு வேணாம். பீஸ்னு சொன்னாலும் ஜமைக்கா கடைல அது பெரும்பாலும் சிவப்பு ராஜ்மாதான், தேங்காய்ப்பால், தைம்ங்கற வாசனை இலை, வெங்காயத்தாள், ஒரு முழு ஸ்காட்ச் பானெட் மிளகாய் எல்லாம் போட்டு சேத்து வேகவச்சது. மிளகாயை உடையாம போட்டு எடுத்துடுவாங்க, வாசனை மட்டும் இறங்கும். கடைசியா கிரேவி கேப்பாங்க, இங்கதான் நீங்க வாயத் திறக்கணும்: ஜெர்க் சிக்கன் வாங்கினாலும் சோத்து மேல ஆக்ஸ்டெய்ல் கிரேவி ஊத்துங்கன்னு கேளுங்க. நிறைய கடைல ஊத்துவாங்க, சில கடைல அதுக்கு தனியா காசு வாங்குவாங்க, குடுக்கலாம் தப்பே இல்ல. மணிக்கணக்கா வெந்து எலும்புல இருந்து இறங்கின அந்த பசையான கிரேவிதான் என்னைப் பொறுத்தவரை அந்த கடையோட உயிரு.

ஆட்டுக்கறில செஞ்ச கர்ரி இருக்கும், பாத்ததும் நம்ம ஊர் குழம்பு நினைப்பு வரும். ஆனா அந்த எதிர்பார்ப்போட சாப்பிட்டா ஏமாந்துடுவீங்க. இந்தியாவுல இருந்து ஒப்பந்தக் கூலிகளா ஆளுங்களை கப்பல்ல ஏத்தி 1838ல கயானாவுக்கும் 1845ல டிரினிடாட், ஜமைக்காவுக்கும் கொண்டு போக ஆரம்பிச்சாங்க, பெரும்பாலும் கல்கத்தா துறைமுகத்துல இருந்து, கொஞ்சம் பேர் மதராஸ்ல இருந்தும். அவங்களோட போன கர்ரி அங்கேயே வளந்து வேற ஒண்ணா ஆகிடுச்சு. ஜமைக்காக்காரங்க கறிப்பொடியோட ஆல்ஸ்பைஸ்ங்கற மிளகு மாதிரி வாசனை மணியும் தைமும் சேப்பாங்க, டிரினிடாட்காரங்க ஷாடோ பெனின்னு கொத்தமல்லி வாசனை வர்ற ஒரு நீள இலைய போடுவாங்க. அதை அதோட ருசிக்காக சாப்பிடுங்க. எலும்போட வெட்டியிருப்பாங்க, பாத்து மெல்லுங்க.

டிரினிடாட் கடைல ரொட்டின்னு கேட்டா எந்த ரொட்டின்னு திருப்பி கேப்பாங்க. தால்பூரி உள்ள அரைச்ச பருப்பு வச்சது, இனிப்பில்லாத போளின்னு வச்சுக்கங்க. பஸ் அப் ஷட்டுன்னா கல்லுலயே அடிச்சு பிச்சுப் போட்டது. கைல பிடிச்சு நடந்துகிட்டே சாப்பிடணும்னா தால்பூரில கறிய சுத்தி வாங்குங்க, உக்காந்து தொட்டு சாப்பிடணும்னா பஸ் அப் ஷட். டபுள்ஸ்ன்னா பாரான்னு சொல்ற ரெண்டு மெத்து மெத்துனு பொரிச்ச ரொட்டி, நடுவுல கொண்டைக்கடலை. "பெப்பர்?"னு கேப்பாங்க, அதாவது மிளகாய் சாஸ், மொதல்ல "ஸ்லைட்"னு சொல்லுங்க. நாங்க காரத்துலயே வளந்தவங்கன்னு வீறாப்பா "ப்ளெண்ட்டி" சொல்லாதீங்க, ஸ்காட்ச் பானெட் காரம் வேற லெவல், கடலையோட ருசியே தெரியாம போயிடும்.

மாட்டுக்கறி சாப்பிடாதவங்களும் சைவக்காரங்களும் இதை கவனமா படிங்க. வெஜிடபிள் பேட்டிஸ்னு வாங்கினாலும் அந்த மேல் மாவை பழைய முறைப்படி மாட்டுக் கொழுப்புல பிசையறது உண்டு, நிறைய கடைல இப்ப வெஜிடபிள் ஷார்ட்டனிங்தான் (வனஸ்பதி மாதிரி தாவரக் கொழுப்பு), இருந்தாலும் கேட்டுடுங்க. ரைஸ் அண்ட் பீஸ்ல சில பேர் உப்புக்கண்டம் போடுவாங்க. காலாலூங்கற கீரைல ஜமைக்கா கடைல கருவாடும் டிரினிடாட் கடைல நண்டும் இருக்கலாம். டபுள்ஸ், கடலை இல்ல பூசணிக்காய் வச்ச தால்பூரி ரெண்டும்தான் சைவத்துக்கு வசதி. "ஐட்டல்"னு போர்டு பாத்தா சந்தோஷமா உள்ள போங்க, ஜமைக்கால தோன்றின ரஸ்தாஃபாரி மதத்துக்காரங்க முறை சமையல், பெரும்பாலும் முழு சைவம்.

பேட்டிஸ வாங்கினா கூட ஒரு கோகோ பிரெட் வாங்கி அதுக்குள்ள வச்சு சாப்பிடுங்க, லேசா இனிப்பா இருக்கற அந்த பிரெட் காரத்தை தாங்கிக்கும். உள்ள இருக்கற கறி கொதிச்சுகிட்டு இருக்கும், ஓரத்துல கடிச்சு ஆவிய வெளிய விட்டுட்டு அப்புறம் சாப்பிடுங்க. டொராண்டோல 1985ல அரசாங்க அதிகாரிங்க வந்து பீஃப் பேட்டின்னு பேர் வைக்கக்கூடாது, அந்த பேர் ஹாம்பர்கர்ல வைக்கற கறி வட்டத்துக்கு மட்டும்தான்னு பேக்கரிக்காரங்களை மிரட்டி பெரிய பிரச்சனையே ஆச்சு. கடைக்காரங்க விட்டுக்குடுக்காம நின்னு ஜமைக்கன் பேட்டிங்கற பேரை வாங்கிட்டாங்க, அதை நினைச்சா எனக்கு இன்னும் பெருமையா இருக்கு.

குடிக்க சாரல் (sorrel, செம்பருத்தி வகை பூவுல செய்யற பானம்) இருந்தா அதை வாங்குங்க, செக்கச்செவேல்னு இஞ்சி போட்டு புளிப்பா இருக்கும், கிறிஸ்துமஸ் டைம்ல சில பேர் ரம் கலப்பாங்க. மாபிங்கற பானம் மரப்பட்டைல செய்யறது, நல்ல கசப்பு.

கிளம்பறப்ப பிரெட் ரேக்கை மறந்துடாதீங்க. ஹார்டோ பிரெட் (கெட்டியான, லேசா இனிப்பான வெள்ளை பிரெட்) ஒண்ணு எடுங்க, ஸ்லைஸ் போட்டுத் தர சொல்லுங்க. ஈஸ்டர் சமயம்னா மசாலா வாசனை அடிக்கற திராட்சை பன்னும் கெட்டியான சீஸும் சேத்து வாங்கணும். பிளாக் கேக்னு ஒண்ணு இருக்கும், அதுல பழத்தை ரம்லயும் வைன்லயும் ஊறவச்சிருப்பாங்க, பிள்ளைங்களுக்கு குடுக்கறதுக்கு முன்னாடி யோசிச்சுக்கங்க. ஃப்ரீசர்ல பெட்டி பெட்டியா பேட்டிஸ் இருந்தா வீட்டுக்கு ஒரு பெட்டி வாங்கலாம், ஆனா மைக்ரோவேவ்ல வைக்காதீங்க, மேல் மாவு நமுத்துப் போயிடும், ஓவன்ல வச்சு ஓரம் மொறுமொறுன்னு ஆனதும் எடுங்க.