வயிறு உப்புசமும் கடமுடா சத்தமும்: எந்தச் சாப்பாடு காரணம் என்று வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

காலையில் பூரி மசாலா சாப்பிட்டால் மதியத்துக்குள் எனக்கு வயிறு பானை மாதிரி ஆகிவிடும். "உருளைக்கிழங்கு வாய்வுடா, உனக்கு ஆகாது" என்பார் அம்மா. நானும் பல வருஷம் உருளைக்கிழங்கையே திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிட்ட நாளில் வயிறு சமர்த்தாக இருந்தது. மசாலாவில் போட்ட பெரிய வெங்காயம், கெட்டியாக வர கரைத்து ஊற்றிய கடலை மாவு, கோதுமைப் பூரி என்று மூன்று பேர் கூட்டுக் களவாணிகளாக உள்ளே இருக்க, பழி மட்டும் கிழங்கின் தலையில்.

அந்த நோட்டு முறையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

தொடங்கும் முன்

நெஞ்சில் அழுத்தம், வியர்வை, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி இருந்தால் "கேஸ்தான்" என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மலத்தில் ரத்தம், கறுப்பாகப் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, விடாத வாந்தி, ரத்தசோகை இதில் எது இருந்தாலும் முதலில் டாக்டர், அப்புறம்தான் நோட்டு. 50 வயது தாண்டிய பெண்களுக்குப் புதிதாக வந்த உப்புசம் சில வாரங்களாக விடவில்லை என்றால் கருப்பையையும் சினைப்பையையும் பரிசோதித்துவிடுவது நல்லது. சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றைப் பொருமச் செய்யும். அதை நீங்களாக நிறுத்த வேண்டாம், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வயிறு காலியாக இருக்கும்போது சுமார் 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒருமுறை குடல் தன்னைத்தானே பெருக்கித் தள்ளும். ஏசி ரூமில் மீட்டிங் நடக்கும்போது மானத்தை வாங்கும் சத்தம் பெரும்பாலும் அதுதான், நோய் இல்லை. சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து உப்புசத்தோடு சேர்ந்து வரும் உருளல்தான் நாம் தேடுவது.

படி 1: ஒரு வாரம் எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

பலரும் சறுக்கும் இடம் இது. முதல் நாளே பால், பருப்பு, கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் எது காரணம் என்று தெரியவே தெரியாது. என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருந்தது:

காலை 8.30: பூரி 3, மசாலா (வெங்காயம் 2, கடலை மாவு), காபி.
11.45: பேன்ட் இறுக்கம், உருளல்.
1.30: சாதம், ரசம், உருளை வறுவல், மோர்.
4.00: பரவாயில்லை.

"மசாலா" என்று மட்டும் எழுதினால் போதாது. உள்ளே என்னென்ன போனது என்று எழுத வேண்டும். காபி, டீ எத்தனை, வயிறு சரியாகப் போனதா என்பதும் முக்கியம். மலச்சிக்கல் இருந்தால் எதைச் சாப்பிட்டாலும் உப்பும்.

படி 2: காற்றை விழுங்குவதைக் குறையுங்கள்

அவசரமாக அள்ளிப் போடுவது, பேசிக்கொண்டே சாப்பிடுவது, ஸ்ட்ரா, சூயிங்கம் எல்லாமே காற்றை உள்ளே அனுப்பும். கோலி சோடா குடித்ததும் பெரிதாக ஏப்பம் வந்து சுகமாக இருக்கும். அந்த ஏப்பத்தில் பாதி, இப்போது குடித்த சோடாவின் காற்றேதான்! சாப்பிட்டபின் பத்து பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தால் காற்று நகர்ந்துவிடும்.

படி 3: பருப்பு, பயறு

கொண்டைக்கடலை, மொச்சை, ராஜ்மா போன்றவற்றில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. இவற்றை உடைக்கும் என்சைம் மனிதக் குடலில் கிடையாது. அப்படியே பெருங்குடலுக்குப் போகும், அங்கே பாக்டீரியா புளிக்கவைக்கும், காற்று உண்டாகும். இந்தச் சர்க்கரை தண்ணீரில் கரையும் என்பது நமக்கு வசதி. இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டி, இரண்டு முறை அலசி, புதுத் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். "சத்தெல்லாம் போயிடுமே" என்று வீட்டில் சொல்வார்கள். கொஞ்சம் போகும்தான், போகட்டும். சுண்டலை ஒரு கிண்ணம் நிறைய அள்ளாமல் கால் கப்பில் தொடங்குங்கள். சாம்பாருக்குக் கொஞ்ச நாள் பாசிப்பருப்பு போட்டுப் பாருங்கள். உளுந்து ஒத்துக்கொள்ளாதவர்கள்கூட இட்லியைத் தாங்குவார்கள், புளிக்கும்போதே மாவு அந்த வேலையில் கொஞ்சத்தை முடித்துவிடுகிறது.

படி 4: பால்

ஒரு வாரம் பால் காபி, டீ, பாயசம், ஐஸ்கிரீம் வேண்டாம். தயிரும் மோரும் இருக்கட்டும், அவற்றில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை குறைவு. வாரம் முடிந்ததும் ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டுக் கவனியுங்கள். அன்றே உப்பிக்கொண்டால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

படி 5: வெங்காயம், பூண்டு, கோதுமை

நம் வீடுகளில் யாரும் சந்தேகப்படாத ஆட்கள் இவர்கள். மூன்றிலும் ஃப்ரக்டான் இருக்கிறது, இதுவும் நம் குடல் உடைக்க முடியாமல் பெருங்குடலில் புளிக்கும் சர்க்கரைத் தொடர்தான். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் வளர்த்தெடுத்த, இப்படிக் குடலில் புளிக்கும் சர்க்கரைகளைக் குறைக்கும் ஃபாட்மேப் (FODMAP) உணவுமுறையில் முக்கியமாகக் குறைக்கச் சொல்வதில் இதுவும் ஒன்று. அந்த முறையை முழுசாகப் பின்பற்றுவதானால் டயட்டீஷியன் துணையோடு சில வாரங்களுக்கு மட்டும், ஆயுசுக்கும் அல்ல.

ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் குழம்பில் வெந்த பூண்டை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடுவதில் பயனில்லை, சாறு ஏற்கெனவே இறங்கிவிட்டது. தாளிக்கும் எண்ணெயில் பூண்டைப் பொன்னிறமாக வறுத்து, பல்லை எடுத்து எறிந்துவிடுங்கள், வாசனை எண்ணெயில் நிற்கும். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியும் பெருங்காயமும் போடலாம். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், கோதுமை அறவே ஆகாதவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஓமத் தண்ணீர், சீரகத் தண்ணீர், சுக்குக் காபி? எனக்கு இதமாக இருக்கிறது, குடிக்கிறேன். ஆனால் மூன்று பூரியைத் தின்றுவிட்டு ஓமத் தண்ணீரிடம் பஞ்சாயத்துக்குப் போவதில் பெரிய பலனில்லை. பொங்கி வரும் பாக்கெட் உப்புகளில் சோடியம் அதிகம், பிரஷர் உள்ளவர்கள் தினமும் தொடக்கூடாது.

படி 6: ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டு வாருங்கள்

நிறுத்தியதில் ஒன்றை மட்டும் எடுத்து, முதல் நாள் கொஞ்சம், மறுநாள் கூடுதல், மூன்றாம் நாள் வழக்கமான அளவு. இடையில் வேறு எதையும் மாற்றாதீர்கள். வயிறு எந்த அளவில் முரண்டு பிடிக்கிறது என்று நோட்டே சொல்லும்.

எனக்குச் சாம்பாரில் நாலைந்து சின்ன வெங்காயம் தாங்குகிறது, மசாலாவில் இரண்டு பெரிய வெங்காயம் தாங்கவில்லை. இப்போது பூரி மசாலாவுக்கு இஞ்சி, பச்சை மிளகாய், பெருங்காயம், கொஞ்சம் வெங்காயத்தாள். கடலை மாவு கிடையாது. கெட்டியாக வர, வெந்ததில் ஒரு உருளைக்கிழங்கைக் கூடுதலாக மசித்துவிடுகிறேன். அம்மா பார்த்துவிட்டு இன்னும் தலையில் அடித்துக்கொள்கிறார்.