கிளாவேயைத் தொலைத்த சல்சா: மென்பொருளில் லத்தீன் தாளம் அமைக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான்கு அடியிலும் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), இரண்டிலும் நான்கிலும் ஸ்நேர் (கூர்மையாக ஒலிக்கும் சிறு டிரம்), அதற்கு மேல் ஒரு காங்கா லூப், கொஞ்சம் ஷேக்கர், இடையிடையே மணிச் சத்தம். இப்படி அமைத்துவிட்டுக் கோப்புக்கு ‘சல்சா’ என்று பெயர் வைப்பவர்கள் ஏராளம். கேட்க மோசமாக இருக்காது. ஆனால் அது காங்கா சேர்த்த டிஸ்கோ, அவ்வளவுதான். கியூபாவின் சோன் மரபில் வேர்விட்டு நியூயார்க்கில் சல்சா என்று பெயரெடுத்த இசையில் தாளத்தைத் தாங்குவது கிக்கும் ஸ்நேரும் அல்ல. வழக்கமான சல்சாக் குழுவில் டிரம் செட்டே இருக்காது. காங்கா, பாங்கோ, டிம்பாலே, பேஸ், பியானோ எல்லாம் கிளாவே என்ற ஐந்து தட்டுக் கணக்கைச் சுற்றி, ஒன்றுக்கொன்று இடம்விட்டு வாசிக்கின்றன. ஆகவே முதல் தடத்தில் கிக்கைப் போடும் பழக்கத்தைக் கைவிடுங்கள். அங்கே கிளாவே இருக்கட்டும். கடைசியில் வேண்டாமென்றால் ஒலியை அணைத்துக்கொள்ளலாம்.

டிரம் செட் இல்லாமல் முடியாது என்பவர்கள் கியூபாவின் லோஸ் வான் வான் குழுவின் 1970களின் பதிவுகளைக் கேட்கலாம். அதன் டிரம் கலைஞர் சாங்கிட்டோ அங்கே சோங்கோ என்ற பாணியை வளர்த்தார். கிக் இருக்கிறது, ஆனால் அடிக்கு அடி இடிப்பதில்லை.

கிளாவேயின் நீளம் இரண்டு பார் (நான்கு அடி கொண்ட தாளச் சுற்று ஒரு பார்). அதை 16 கட்டங்களாகப் பிரித்தால் சோன் கிளாவேயின் ஐந்து தட்டுகள் 1, 4, 7, 11, 13 ஆகிய கட்டங்களில் விழும். சொற்கட்டுப் பழகியவர்களுக்கு இது எளிது: தகிட தகிட தகதிமி தக தகதிமி. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் ஒரு தட்டு. ரும்பா கிளாவேயில் மூன்றாவது தட்டு மட்டும் ஒரு கட்டம் தள்ளி 8-இல் விழும்: தகிட தகதிமி தகிட தக தகதிமி. பொஸ்ஸா நோவாவுக்கு வழங்கும் வடிவத்தில் கடைசித் தட்டு 13-இலிருந்து 14-க்கு நகரும். ஒரே ஒரு கட்டம்தானே என்று ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் பாட்டின் நடையே மாறிவிடும்.

அடுத்தது திசை. மூன்று தட்டு உள்ள பார் முன்னால் வந்தால் 3-2, இரண்டு தட்டு உள்ள பார் முன்னால் வந்தால் 2-3. எது வேண்டும் என்பதைப் பாடலின் மெட்டும் பியானோ திரும்பத் திரும்ப வாசிக்கும் மொன்டூனோ என்ற வடிவமும் தீர்மானிக்கின்றன. காதுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளும் விஷயமல்ல இது. பலர் இதுவரை சரியாகவே செய்கிறார்கள். கோளாறு வெட்டி ஒட்டும்போது நுழைகிறது. 2-3 திசையில் 16 பார் சரணம் என்று வைத்துக்கொள்வோம். பல்லவிக்கு முன் ஒரு பார் நிறுத்தம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று 17-ஆம் பாரை வெறுமையாக விட்டு, 18-இல் தாள லூப்பை முதலிலிருந்து ஒட்டுகிறோம். இப்போது என்ன ஆயிற்று? மௌனமாகக் கடந்த 17-ஆம் பார் இரண்டு தட்டுப் பக்கம். 18-இல் மூன்று தட்டு வந்திருக்க வேண்டும். மறுபடி இரண்டு தட்டே வருகிறது. கிளாவே அறுந்துவிட்டது. லத்தீன் இசைக்காரர்கள் இதைக் குறுக்கே விழுந்த கிளாவே என்பார்கள், முகம் சுளிப்பார்கள்.

அவர்கள் வழக்கப்படி கிளாவே ஓடிக்கொண்டே இருக்கும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் பார் கொண்ட ஒரு பகுதி வந்தால், பாட்டுதான் கிளாவேயின் மறுபக்கத்தில் வந்து ஏறும். எனவே நிறுத்தத்தை இரண்டு பாராக்குங்கள், அல்லது பல்லவியை 3-2-க்குப் பொருந்தும்படி எழுதுங்கள். கிளாவே தடத்தைப் பாடலின் தொடக்கம் முதல் முடிவு வரை துண்டாக்காமல் ஒரே நீளத்தில் வைத்து, மற்றத் தடங்களை மட்டும் வெட்டினால் இந்தத் தவறு உடனே கண்ணில் படும்.

காங்காவுக்கு வருவோம். மெல்லிசை மேடைகளில் தும்பா என்று நாம் பார்த்துப் பழகியதுதான். தும்பாவோ எனப்படும் அடிப்படை நடையில் ஒரு பாருக்கு எட்டுக் கட்டம். 3-இல் ஸ்லாப், அதாவது கூர்மையான அறை ஒலி. 7, 8 இரண்டிலும் திறந்த ஒலி. மீதி ஐந்திலும் இடக்கையின் அடிப்பகுதியும் விரல்நுனியும் மாறி மாறித் தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும். புதியவர்கள் இந்த ஐந்தையும் விட்டுவிடுகிறார்கள், அல்லது எட்டுக்கும் ஒரே வெலாசிட்டி (தட்டின் அழுத்தத்தைக் குறிக்கும் 1 முதல் 127 வரையிலான எண்) கொடுக்கிறார்கள். முன்னதில் தாளம் தொடர்ச்சி இல்லாமல் நொண்டும். பின்னதில் தையல் இயந்திரம் ஓடும். தொடு ஒலிகளை 25 முதல் 40 வரையிலும், ஸ்லாப்பை 95 அளவிலும், திறந்த ஒலிகளை 105-க்கு மேலும் வைத்துப் பாருங்கள். தொடு ஒலி தனியாகக் காதில் விழக் கூடாது. எடுத்துவிட்டால் ஏதோ குறைகிறது என்று தெரிய வேண்டும்.

இதற்கு வேண்டிய ஒலிகள் ஜெனரல் மிடி என்ற பொதுத் தர ஒலித் தொகுப்பில் கிடைக்காது. அதில் 62 அடக்கிய காங்கா, 63 திறந்த காங்கா, 64 தாழ் காங்கா, அத்துடன் சரி. ஸ்லாப்புக்கோ விரல்நுனிக்கோ தனி எண் இல்லை. இந்த மூன்றை வைத்துக்கொண்டு தும்பாவோ வரவில்லையே என்று வருந்திப் பயனில்லை. தனி சாம்பிள் தொகுப்பு வேண்டும். திறந்த ஒலி இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஸ்லாப் விழுந்தால் முந்தையது அடங்க வேண்டும் என்பதால் இரண்டையும் ஒரே சோக் குழுவில் போடுங்கள். திறந்த ஒலிக்குத் தெளிவான சுருதி உண்டு. பாட்டின் சுருதியோடு அது உரசினால் அரைச்சுரம் ஏற்றி இறக்கிச் சரிசெய்யத் தயங்க வேண்டாம்.

பேஸ் தாள வாத்தியம் இல்லை என்று ஒதுக்குவதும் தவறு. சல்சா பேஸ் எட்டுக் கட்டத்தில் 4, 7 ஆகிய இடங்களில் விழும். 1 பெரும்பாலும் காலி. 7-இல் வருவது அடுத்த பாரின் கார்டுக்கு (சுரக்கூட்டுக்கு) உரிய சுரம், முன்கூட்டியே வந்துவிடுகிறது. சமத்தில் எல்லோரும் கூடுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இங்கே கை தானாக முதல் கட்டத்தை நிரப்பப் போகும். அங்கே ஒரு கனத்த கிக் விழுந்தால் அந்த முன்னோட்டத்தின் சுவை போய்விடும்.

வாசிப்பவருக்கு இரண்டு கைதான் என்பதும் மறந்துபோகிறது. சல்சாவின் பாட்டுப் பகுதியில் பாங்கோ வாசிப்பவர், மொன்டூனோ எனவே அழைக்கப்படும் பிற்பகுதி வந்ததும் பாங்கோவைக் கீழே வைத்துவிட்டுக் கைமணியை எடுப்பார். டிம்பாலேக்காரரும் பக்கவாட்டுத் தகட்டில் வாசித்த காஸ்கராவை விட்டு மணிக்கு மாறுவார். பாட்டு உச்சத்துக்கு ஏறும் உணர்வு இந்த மாற்றத்திலிருந்துதான் வருகிறது. மென்பொருளில் தடங்களுக்குப் பஞ்சமில்லை என்று பாங்கோ, கைமணி, காஸ்கரா, டிம்பாலே மணி அனைத்தையும் முதல் பாரிலிருந்தே ஓடவிட்டால் ஏறுவதற்கு மேலே ஒன்றும் மிஞ்சாது.

‘லத்தீன்’ என்ற ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் கொட்டுவது இன்னொரு வழக்கம். ரெகேட்டோன் வேறு: 16 கட்டத்தில் கிக் 1, 5, 9, 13, ஸ்நேர் 4, 7, 12, 15. இங்கே கிக் தாராளமாக இடிக்கலாம். பிரேசிலின் சம்பாவோ முற்றிலும் வேறு வீடு. அது இரண்டடித் தாளம். ரியோ பாணியில் சுர்தோ என்ற பேஸ் டிரம்களில் மிகப் பெரியது முழங்குவது இரண்டாம் அடியில். முதல் அடியில் சற்று மேல்சுருதி கொண்ட இன்னொரு சுர்தோ அதற்குப் பதில் சொல்லும். கிக் பழக்கத்தில் முதல் அடியைக் கனமாக்கினால் சம்பா அணிவகுப்பு இசையாகிவிடும்.

எல்லாவற்றையும் நூறு சதவீதம் க்வாண்டைஸ் செய்தால் (தட்டுகளைக் கட்டத்தின் மேலேயே பொருத்தினால்) விறைத்துப்போகும் என்பது பலருக்கும் தெரியும். அதற்கு அவர்கள் தேடும் மருந்துதான் கோளாறு. ஹியூமனைஸ் பொத்தான் ஒவ்வொரு தட்டையும் தோன்றியபடி நகர்த்துகிறது. தேர்ந்த கலைஞரின் விலகலோ ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஸ்விங் பொத்தானும் சம்பாவுக்கு உதவாது. அது ஓர் அடியின் நான்கு நுண்ணடிகளில் இரண்டாவதையும் நான்காவதையும் தாமதப்படுத்தும். சம்பாவிலோ மூன்றாவதும், அதைவிட நான்காவதும், கட்டத்துக்குச் சற்று முன்னால் விழும் போக்கு உண்டு. அதாவது ஸ்விங்கை ஏற்ற ஏற்ற சம்பாவிலிருந்து விலகிப் போகிறோம். நல்ல பண்டெய்ரோ (கஞ்சிரா போன்ற பிரேசில் வாத்தியம்) பதிவு ஒன்றிலிருந்து ஏபிள்டன் லைவின் க்ரூவ் பிரித்தெடுக்கும் வசதியால் அச்சு எடுத்து, ஷேக்கருக்கும் தம்போரிம் என்ற சிறு டிரமுக்கும் பொருத்துங்கள். முதலில் பாதி அளவில் வைத்துக் கேட்டு, பிறகு கூட்டிக்கொள்ளலாம். க்ரூவின் அடிப்படை அளவு பதினாறில் ஒன்றாக இருக்கும். உங்கள் சம்பா கோப்பு இரட்டிப்பு வேகத்தில், நுண்ணடிகள் எட்டில் ஒன்றாக அமைந்திருந்தால் அச்சு தவறான இடங்களில் போய் உட்காரும். வேகத்தையும், அதற்கேற்பத் தட்டுகளின் இடைவெளியையும் பாதியாக்கிவிட்டுப் பொருத்துங்கள்.