பிள்ளை சைக்கிளில் பள்ளிக்குப் போக வழி பார்ப்பது எப்படி?

பதினொன்றாம் வகுப்பில் அரசு சைக்கிள் கொடுத்ததும் பெற்றோர் அதைத் தள்ளிக்கொண்டு சேலத்தில் இருக்கும் என் சைக்கிள் கடைக்கு வருவார்கள். பிரேக்கை இறுக்கி, சீட் உயரம் வைத்து முடித்ததும் அம்மாக்கள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, அஞ்சு ரோடு வழியா அனுப்பலாமா?" வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன். வழியை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பயமாக இருக்கிறது என்று பிள்ளை சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் சைக்கிள் திட்டங்களைக் கவனித்த ரோஜர் கெல்லர், 2006 வாக்கில் தன் ஊர் மக்களை நான்கு வகையாகப் பிரித்தார். எந்தச் சாலையிலும் ஓட்டத் துணிந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஓட்ட ஆசைதான், ஆனால் பயம் என்பவர்கள் சுமார் 60 சதவீதம் என்று கணித்தார். ஆக, பயப்படுவதுதான் இயல்பு. அந்தப் பயம் சாலையைப் பற்றி ஏதோ சொல்கிறது.

சரி, போகும் வழியில் காலை எட்டரை மணிக்குப் போய் நில்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சாலையோரம் வெறும் வெள்ளைக்கோடு மட்டும் இருந்தால், அதற்குள் என்ன நிற்கிறது என்று பாருங்கள். ஷேர் ஆட்டோ, இளநீர் வண்டி, ஒரு கார். ஒவ்வொன்றையும் சுற்றிப்போக பிள்ளை கோட்டைத் தாண்டி பஸ் வரும் பக்கம் வர வேண்டும். அப்படி வெளியே வரும் நொடிகள்தான் ஆபத்து. இன்னொன்று, நம் ஊரில் காரை இடது ஓரம் நிறுத்துவார்கள். டிரைவர் கதவு வலப்பக்கம் திறக்கும், கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வெளியே வரும். நிற்கிற காரை ஒட்டி ஓட்டாமல், கதவு முழுதாகத் திறந்தாலும் படாத தூரத்தில் ஓட்டப் பழக்குங்கள். கோட்டுக்கும் வண்டிகளுக்கும் நடுவே இன்னும் ஒரு பட்டை இடைவெளி வரைந்திருந்தால் கொஞ்சம் தேவலை. அப்போதும் பெயிண்ட் பெயிண்ட்தான், டயர் ஏறாமல் தடுக்காது.

சைக்கிளுக்கும் லாரிக்கும் நடுவே கான்கிரீட் தடுப்புக்கல்லோ உயர்த்திய மேடையோ இருந்தால் பத்து வயதுப் பிள்ளையும் தோளைத் தளர்த்தி ஓட்டும். ஸ்பெயினில் செவில் நகரம் இப்படித் தடுத்த பாதைகளைத் துண்டு துண்டாக விடாமல் ஒன்றோடொன்று இணைத்துப் போட்ட பிறகுதான், அங்கே சைக்கிள் ஓட்டுபவர்கள் பல மடங்கு பெருகினார்கள். ஆனால் தடுப்பு எங்கே முடிகிறது என்பதை அவசியம் பாருங்கள். பெரும்பாலும் சந்திப்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே முடிந்துவிடும். அங்கே இடப்பக்கம் திரும்பும் பஸ்ஸின் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்ளே அறுத்துக்கொண்டு வரும். நிற்கிற பஸ்ஸுக்கு இடப்பக்கம் உள்ள சந்தில் நுழையவே கூடாது, பின்னாலேயே நிற்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் பத்து தடவையாவது பிள்ளையிடம் சொல்லுங்கள்.

பாதையே போடாத குடியிருப்புத் தெருக்களை மறந்துவிடாதீர்கள். ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி உள்தெருக்கள் மாதிரி குறுகலாய், வேகத்தடையோடு இருக்கும் இடத்தில் வண்டிகள் பெரும்பாலும் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாது. மனிதர்களும் வண்டிகளும் கலக்கும் இடத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வேகமும் அதுதான். கோடு போட்ட மெயின் ரோட்டைவிட இந்தத் தெருக்களையே நான் சொல்வேன். ஐந்து நிமிடம் கூடுதலானால் ஆகட்டும்.

ஐந்து ரோட்டில் மேம்பாலத்தில் ஏற வேண்டாம், மேலே வண்டிகள் வேகமெடுக்கும். கீழே இறங்கி, ஜனங்களோடு தள்ளிக்கொண்டு கடப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

விடுமுறையில் ஏற்காடு ஏறுகிற பெரிய பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. ஏறும்போது சைக்கிள் மெதுவாகப் போகும், ஆடும். அப்போதுதான் ஓரத்தில் தனி இடம் தேவை. இறங்கும்போது காரின் வேகம் சைக்கிளுக்கும் வந்துவிடும், ஓரமாக ஒதுங்கினால் மணலில் சறுக்கும். தன் தடத்தின் நடுவில் வந்தால்தான் பின்னால் வருபவர் கண்ணில் படும். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பஸ் திரும்பி முடியும்வரை வளைவுக்கு முன்பே நின்றுவிடச் சொல்லுங்கள். பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்தபடி வரக்கூடாது, சூடேறிவிடும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும்.

இவ்வளவு பார்த்தும் நல்ல வழி அமையவில்லையா? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள். "சைக்கிள் பாதை வேண்டும்" என்று மட்டும் எழுதினால் கோடு போட்டுவிட்டுப் போவார்கள். எந்த முனையிலிருந்து எந்த முனைவரை, தடுப்புக்கல்லோடு, சந்திப்பையும் தாண்டி வேண்டும் என்று எழுதுங்கள். எட்டரை மணிக்கு எடுத்த போட்டோ ஒன்றை இணைத்து, மனு ரசீதை வாங்கி வையுங்கள்.